நடுவரின் காதில் விழட்டும்: சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பி ஸ்டாண்ட் ப்ளூஸ் நண்பர்களே, சூப்பர் மச்சான்களே, எந்தக் குழுவிலும் சேராமல் டிக்கெட் எடுத்து வந்து தொண்டை வற்றக் கத்திவிட்டு சென்ட்ரலை நோக்கி நடக்கும் மற்ற நீலச் சட்டைக்காரர்களே,



உங்கள் அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை இரண்டு முறை தூக்கியிருக்கிறது. இரண்டு முறையும் எதிரணியின் ஊரில்தான். 2015 டிசம்பர் 20 அன்று ஃபட்டோர்டாவில் எஃப்சி கோவாவை 3-2 என்று வென்றது. 2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில் பெங்களூரு எஃப்சியை அதே 3-2 கணக்கில் வென்றது. மூன்றாவது இறுதியாட்டம் 2020 மார்ச் 14 அன்று நடந்தது. கொரோனா அச்சத்தால் ரசிகர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. காலி கேலரிகளுக்கு முன்னால் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றது.

மைதானம் முழுக்க எதிராளிகள் கத்தியபோது ஜெயித்தவர்கள், கத்த ஆளே இல்லாதபோது தோற்றிருக்கிறார்கள். 'ரசிகர்தான் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்று பேனர் எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான கணக்கு.

2015 கதை இன்னும் விசித்திரமானது. அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை நீங்கள் வெளியே இறைத்துக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் மார்கோ மட்டராஸியின் பையன்கள் புனேயில் ஏடிகேவை 3-0 என்று சாய்த்தார்கள். கொல்கத்தாவில் 1-2 தோற்றும் மொத்தக் கணக்கில் தப்பித்து இறுதிக்குப் போனார்கள். ஆக, முதல் கோப்பையின் கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட உங்கள் முன்னால் நடக்கவில்லை.

கூட்டத்துக்கும் கோப்பைக்கும் இப்படிப் பொருந்தாமல் போனது சென்னையின் கதையில் மட்டும் அல்ல. ஐஎஸ்எல் இறுதியாட்டத்தைத் தன் ஊரிலேயே ஆடும் வாய்ப்பு 2015இல் கோவாவுக்கும், 2016இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும், 2018இல் பெங்களூருவுக்கும், 2024இல் மோகன் பகானுக்கும் கிடைத்தது. நால்வரும் தோற்றார்கள். கொச்சியின் மஞ்சள் கடல் பெனால்டி ஷூட்அவுட்டில் வடிந்தது. கொல்கத்தா சால்ட் லேக்கில் மும்பை சிட்டி 3-1 என்று கோப்பையைக் கொத்திக்கொண்டு போனது. சொந்த மண்ணில் கோப்பை வென்ற முதல் அணியைப் பார்க்க 2025 ஏப்ரல் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று மோகன் பகான் பெங்களூருவை 2-1 என்று வென்றது, அதுவும் கூடுதல் நேரத்தில்தான்.

அப்படியானால் கத்துவதில் பயனே இல்லையா? பயன் உண்டு. அது யாரிடம் வேலை செய்கிறது என்பதில்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது.

ரசிகர் கூட்டம் ஒரு ஆட்டத்துக்கு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் கூட்டத்தை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எந்த லீக்காவது அப்படி ஒரு சோதனைக்கு ஒத்துக்கொள்ளுமா? கொரோனா யார் சம்மதத்தையும் கேட்காமல் அதை நடத்திக் காட்டியது. 2020 மே 16 அன்று ஜெர்மனியின் பூண்டஸ்லீகா காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது. முதல் நாளே டார்ட்முண்ட் தன் பரம எதிரி ஷால்கேவை 4-0 என்று வென்றது. வழக்கமாக 25 ஆயிரம் பேர் நின்றுகொண்டே பார்க்கும், 'மஞ்சள் சுவர்' என்று பெயர் வாங்கிய தெற்குக் கேலரி அன்று வெறும் கான்கிரீட்டாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பழக்கம் விடாமல் அந்தக் காலி கேலரிக்கு முன்னால் போய் நின்று கொண்டாடினார்கள்.

டார்ட்முண்டுக்கு வாய்த்தது மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பருவத்தில் அதுவரை சொந்த ஊர் அணிகள் நூற்றுக்கு 43 ஆட்டங்களில் வென்றிருந்தன. கேலரி காலியான பிறகு அது மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. இங்கிலாந்தில் நடந்தது அதைவிட வியப்பு. பெரும்பாலும் பூட்டிய கதவுகளுக்குள் நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் 380 ஆட்டங்கள். சொந்த ஊர் அணிகள் வென்றவை 144, வெளியூர் அணிகள் வென்றவை 153. அந்த லீக்கில் வெளியூர்க்காரர்கள் உள்ளூர்க்காரர்களை முந்தியது அதுவே முதல் முறை. தன் மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே காணாத லிவர்பூல், 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் ஒரு பெனால்டி கோலில் விழுந்தது. அதிலிருந்து வரிசையாக ஆறு லீக் ஆட்டங்களைச் சொந்த மைதானத்திலேயே தோற்றது. கிளப் வரலாற்றில் அப்படி அதற்கு முன் நடந்ததில்லை. வான் டைக் உள்ளிட்ட தடுப்பாட்டக்காரர்கள் காயத்தில் படுத்திருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பழி முழுவதையும் காலி நாற்காலிகள்மேல் போட முடியாது.

நாற்காலிகள் காலியானதும் ஆட்டக்காரர்கள் மோசமாகிவிட்டார்களா? 17 நாடுகளின் 23 லீக்குகளை அலசிய பொருளியலாளர்கள் கண்ட மாற்றம் வேறு இடத்தில் இருந்தது. கூட்டம் இல்லாத ஆட்டங்களில் வெளியூர் அணிக்குக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகள் குறைந்திருந்தன, சராசரியாக மூன்று ஆட்டத்துக்கு ஓர் அட்டை. அட்டை காட்டுவது பதினொரு பேரில் ஒருவர் அல்ல, விசில் வைத்திருப்பவர்.

இந்தச் சந்தேகம் புதியதல்ல. 2002இல் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். லிவர்பூலும் லெஸ்டர் சிட்டியும் ஆன்ஃபீல்டில் ஆடிய ஒரு மேட்ச்சிலிருந்து 47 மோதல்களை வெட்டியெடுத்து, தகுதிபெற்ற 40 நடுவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். எது ஃபவுல், எது இல்லை என்று சொல்ல வேண்டும். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிமீது 15.5 விழுக்காடு குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். வெளியூர்க்காரனை வேண்டுமென்று தண்டிக்கவில்லை. உள்ளூர்க்காரன் தட்டிவிட்டதைக் கண்டும் விசிலை வாய்க்குக் கொண்டுபோகத் தயங்கினார்கள். எதிரே இருந்தது வெறும் டிவி பெட்டி, உண்மையான கூட்டம்கூட அல்ல.

ஸ்பெயினில் இன்னொன்று. 1990களின் லீக் ஆட்டங்களில் இஞ்சுரி டைம் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கரிகானோ, பலாசியோஸ்-வெர்ட்டா, பிரென்டர்காஸ்ட் மூவரும் கணக்குப் போட்டார்கள். சொந்த ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நேரம் நீண்டது, ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் சுருங்கியது. முதலாவது இரண்டாவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு மூன்று கோல் வித்தியாசம் என்றால் இந்தச் சாய்வைக் காணவில்லை. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் கூட்டத்துக்கும் அக்கறை இருக்காது, நடுவருக்கும் நெருக்கடி இருக்காது.

இத்தாலியில் கிடைத்த சாட்சியம் ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 2007 பிப்ரவரி 2 அன்று கட்டானியா, பலெர்மோ ஆட்டத்தின் கலவரத்தில் பிலிப்போ ரசித்தி என்ற காவல் அதிகாரி இறந்தார். பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றாத மைதானங்களில் ரசிகர்கள் இல்லாமல் ஆட அரசு உத்தரவிட்டது. அப்படி நடந்த 21 ஆட்டங்களை ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு பொருளியலாளர்கள் மற்ற ஆட்டங்களோடு ஒப்பிட்டார்கள். ஆட்டக்காரர்களின் ஆட்டத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. நடுவர்களின் தீர்ப்பு மட்டும் மாறியிருந்தது. கேலரி நிறைந்திருந்தபோது உள்ளூர் அணிக்குக் கிடைத்துவந்த சலுகை, கேலரி காலியானதும் காணாமல் போனது.

இதற்காக நடுவர்களைத் திட்ட வேண்டியதில்லை. அவர்கள் காசு வாங்கியவர்கள் அல்ல, பயந்தாங்கொள்ளிகளும் அல்ல. அரை நொடியில் முடிவெடுக்க வேண்டிய மனிதர், கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத இடத்தில் காதையும் சாட்சியாகக் கூப்பிட்டுக்கொள்கிறார். 40 ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் 'ஹோ' என்றால் ஏதோ நடந்திருக்கத்தான் வேண்டும் என்று மூளை முடிவுகட்டுகிறது. 2024-25 வரை ஐஎஸ்எல்லில் காணொளி நடுவர் முறையும் இல்லை. திரையைப் போய்ப் பார்த்து ஒரு தீர்ப்பைத் திருத்த வழியில்லாத லீக்கில், கேலரியின் குரலுக்கு எடை கொஞ்சம் கூடுதல்தான்.

இனி உங்கள் மைதானத்துக்கு வருவோம். பெரியமேட்டில் ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் இருக்கும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் கால்பந்துக்கென்று மட்டும் கட்டியதல்ல. புல்வெளியைச் சுற்றி ஓடுதளம் இருக்கிறது. இது அழகுக் குறை மட்டுமல்ல. தாமஸ் டோமன் என்ற பொருளியலாளர் ஜெர்மன் லீக்கின் 12 பருவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், கேலரிக்கும் புல்வெளிக்கும் நடுவே ஓடுதளம் உள்ள மைதானங்களில் நடுவரின் உள்ளூர்ச் சாய்வு குறைவு என்று காட்டினார். தூரம் கூடினால் நெருக்கடி குறைகிறது.

எவ்வளவு தூரம்? பன்னாட்டு அளவில் அமைந்த எட்டு வரிசை ஓடுதளத்துக்குள் 105க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானத்தை வரைந்து பாருங்கள். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து ஓடுதளத்தின் வெளி விளிம்புக்குச் சுமார் 12 மீட்டர். கோலுக்குப் பின்னால் அதுவே 35 மீட்டரைத் தாண்டும். வளைவு இருக்கும் பக்கம் அது. உலகமெங்கும் உக்கிரமான ரசிகர்கள் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார்கள் என்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே செய்தால், உங்கள் சத்தத்தின் பெரும்பகுதி நீளம் தாண்டும் மணல்குழியோடு நின்றுவிடும். ஆஃப்சைடு கொடி பிடிக்கும் துணை நடுவர் ஓடுவது பக்கவாட்டில். குரல் அங்கே அடர்த்தியாக இருந்தால் அவர் காதில் விழும். பெங்களூரு கண்டீரவாவும் கொல்கத்தா சால்ட் லேக்கும் இதே வகை மைதானங்கள் என்பதையும், அந்த இரண்டிலும் உள்ளூர் அணிகள் இறுதியாட்டத்தில் தோற்றிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். அதையே காரணம் என்று அடித்துச் சொல்ல இரண்டு ஆட்டங்கள் போதாது.

ஆனால் ஓடுதளம் இருந்தும் நேரு விளையாட்டரங்கம் சும்மா இருந்ததில்லை. 2014 அரையிறுதியில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 வாங்கிவந்த சென்னையின் எஃப்சி, இங்கே 90 நிமிடத்துக்குள் அதே 3-0 என்று பதிலடி கொடுத்தது. கூடுதல் நேரத்தின் 117ஆவது நிமிடத்தில் எதிரணியின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல் மட்டும் இல்லையென்றால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும். 2018 அரையிறுதியில் எஃப்சி கோவாவோடு ஃபட்டோர்டாவில் 1-1, இங்கே 3-0. 2020 அரையிறுதியில் அதே கோவாவோடு இங்கே 4-1, அங்கே 2-4. ஒரே எதிரணி, அதே இரண்டு மைதானங்கள், நான்கு ஆட்டங்கள். இரண்டு தடவையும் தீர்த்துவைத்தது பெரியமேடுதான். இதைப் புள்ளிவிவரம் என்று எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார். கேலரியில் நின்றவர்களுக்கு ஆய்வாளரின் கையெழுத்து தேவையும் இல்லை.

பிறகு ஏன் இறுதியாட்டங்களில் உள்ளூர் அணிகள் இப்படிச் சரிந்தன? ஒரு பகுதி தற்செயல். கோப்பை ஆட்டம் ஒன்றே ஒன்று, அதில் பந்து எப்படியும் உருளும். இன்னொரு பகுதி, கூட்டம் தன் ஆட்களையே அழுத்துவது. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசாண்டேயில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று உடைந்தது நினைவிருக்கும். காயத்தால் நெய்மார் இல்லை, மஞ்சள் அட்டைத் தடையால் தியாகோ சில்வா இல்லை. தேசியகீதத்தின்போதே நெய்மாரின் சட்டையைக் கையில் பிடித்தபடி வீரர்கள் உணர்ச்சிவசப்பட்டு நின்றார்கள். முதல் கோல் விழுந்ததும் நாட்டுக்கே முகம் காட்ட வேண்டுமே என்ற பதற்றம் கால்களில் ஏறியது. அரைமணிக்குள் 0-5. அன்று அந்த மைதானத்தில் பிரேசிலுக்கு ஆதரவுக் குரல் குறைவாகவா இருந்தது?

கூட்டம் இருந்தும் பலிக்காத இன்னொரு வேடிக்கை 2022 மார்ச் 20 அன்று ஃபட்டோர்டாவில் நடந்தது. கேரள ரசிகர்கள் மஞ்சளில் திரண்டு வந்து கேலரியை நிறைத்திருந்தார்கள். ஆனால் அட்டவணைப்படி 'சொந்த ஊர் அணி' ஹைதராபாத். அவர்கள் சட்டையும் மஞ்சள். எனவே பிளாஸ்டர்ஸ் கருப்பு உடுத்தி இறங்கினார்கள். கேலரி முழுக்க மஞ்சள், மைதானத்திலும் மஞ்சள், ஆனால் இரண்டும் வெவ்வேறு கட்சி. பெனால்டியில் ஹைதராபாத் வென்றது.

கூட்டத்தின் தலை எண்ணிக்கையையும் கோல் எண்ணிக்கையையும் முடிச்சுப் போட முடியாது என்பதற்கு நம் தேசிய அணியே சாட்சி. 2018 ஜூன் 1 அன்று மும்பை அந்தேரியில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் கேப்டன் சுனில் சேத்ரி கைகூப்பாத குறையாக ஒரு காணொளி வெளியிட்டார். திட்டுவதென்றாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. அது சேத்ரியின் 100ஆவது பன்னாட்டு ஆட்டம். இரண்டு கோல் அடித்தார், இந்தியா 3-0 என்று வென்றது. ஜூன் 7 அன்று நியூசிலாந்திடம் 1-2 என்று தோற்றது. ஜூன் 10 அன்று கென்யாவை மறுபடி வென்று அந்தத் தொடரின் கோப்பையை எடுத்தது. நாட்டின் கேப்டன் கெஞ்சியது கோலுக்காக அல்ல. காலி நாற்காலிகளுக்கு முன்னால் தேசியச் சட்டை போட்டு ஓடுவது ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சொந்த மண்ணில் கோப்பையைப் பார்த்த விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் உங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி தன் சொந்த மைதானமான கோவை நேரு அரங்கில் மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் கழுத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல். இடைவேளைவரை 0-1. பிறகு பெட்ரோ மான்சியின் பெனால்டி, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போராவின் இரண்டு கோல்கள், 3-1, கோப்பை. பெயரில் சென்னை, கேலரியில் கோவை. தமிழ்நாட்டு அணி ஒன்று நாட்டின் லீக் கோப்பையைத் தன் மாநிலத்து மக்கள் முன்னாலேயே தூக்கியது அன்றுதான்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். எண்பதாவது நிமிடத்தில் கடைசி ரயிலைக் கணக்குப் போட்டு எழுந்து போகாதீர்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் ஆட்டம் தொங்கும்போது, ஸ்பெயின் கணக்குப்படி, உங்கள் குரலுக்கு அதிக மதிப்புள்ள நிமிடங்கள் அவைதான். 2015 இறுதியாட்டத்தில் 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியபோது பலர் டிவியை அணைத்திருப்பார்கள். 90இல் கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்த கோல், 92இல் மென்டோசா. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகத் தொண்டையைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போகிறவர்கள் இன்னும் போகட்டும். பெங்களூருவும் கொச்சியும் ரயிலில் ஒரு ராத்திரி தூரத்துக்குள்தான். எதிரணி கேலரியின் ஒரு மூலையில் முந்நூறு பேர் விடாமல் பாடினால், நடுவரின் காதில் விழுவது ஒரே குரலாக இருக்காது. எதிரணி வீரரின் நிறத்தையோ முகத்தையோ இழுத்துக் கத்துபவன் பக்கத்தில் நின்றால் அவன் வாயை நீங்களே மூடுங்கள். அது கிளப்புக்கு அபராதத்தைத்தான் வாங்கித் தரும்.

கடைசியாக, உங்கள் ஆட்களைப் பற்றி. 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னை நேரு அரங்கில் விழுந்த இரண்டாவது கோல் யாருடையது? வியாசர்பாடியில் பந்து பழகிய தன்பால் கணேஷுடையது. மைதானத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருக்களின் பையன். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 12 அன்று, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து ஈஸ்ட் பெங்காலுக்கு நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு டெர்பி வெற்றியைக் கொடுத்தவர் நந்தகுமார் சேகர், அவரும் சென்னைக்காரர். கொல்கத்தாவில் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். வட சென்னையிலிருந்து அடுத்து ஒரு பையன் நீலச் சட்டையில் இறங்கி, முதல் இருபது நிமிடத்தில் இரண்டு பாஸைத் தவறவிட்டு, ஒரு கிராஸைக் கேலரிக்குள் அனுப்புவான். அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் 'சே' அவனுக்கும் கேட்கும், அவனை வெளியே எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பயிற்சியாளருக்கும் கேட்கும். அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, பந்து மறுபடி அவனிடம் வரும்போது அவன் பெயரைச் சொல்லிக் கத்துங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு டிக்கெட் வரிசையில் நிற்கும் ஒருவர்